மனுத்தாளிலிருந்து தொடங்குங்கள்: ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் உரிமைப் போராட்டத்தைத் தமிழில் எழுதுவோருக்கு

ஆஸ்திரேலிய ஆதிக்குடி மக்களின் உரிமைப் போராட்டம் பற்றித் தமிழில் எழுதப் புகுவோரில் பலர் 1967 மே 27ஆம் நாளில் தொடங்கி அந்த நாளிலேயே முடித்துவிடுகிறார்கள். அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது, வாக்களித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆதரித்தார்கள், ஆதிக்குடிகளுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் கிடைத்தன என்று மூன்று செய்திகளில் கதை முடிந்துவிடும். முதல் இரண்டும் சரி, மூன்றாவது தவறு. அந்தத் தவறு எளிதாக நுழைவதற்குக் காரணம், வாக்கெடுப்புக்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் மனு எழுதியவர்கள், கையெழுத்து வாங்கியவர்கள், சிறைவாசலில் காத்திருந்தவர்கள், ஊதியத்துக்காகப் பண்ணையை விட்டு வெளியேறியவர்கள் ஆகியோரின் வேலை கட்டுரைக்குள் வராமலே போவதுதான். கல்லூரிக் கட்டுரைக்காகவோ, இதழுக்காகவோ, வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடமாகவோ இந்தப் பொருளை எடுத்துக்கொள்பவர் அந்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. எப்படித் தொடங்குவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் 1967ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டைச் சொல் சொல்லாகப் படியுங்கள். அதில் ‘உரிமை’ என்ற சொல் இல்லை. ‘குடியுரிமை’ என்பதும் இல்லை. மாநிலங்களில் உள்ள ஆதிக்குடி இனத்தவர் தொடர்பான சில சொற்களை அரசமைப்பிலிருந்து நீக்கவும், மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளவும் வகை செய்யும் திருத்தத்தை ஏற்கிறீர்களா என்பதே வினா. மாற்றப்பட்டவை இரண்டே இடங்கள். 51ஆம் பிரிவின் 26ஆம் உட்பிரிவு, எந்த இனத்தவருக்கும் தனிச்சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கூட்டாட்சி அரசுக்குக் கொடுத்துவிட்டு, மாநிலங்களில் வாழும் ஆதிக்குடிகளை மட்டும் அந்த அதிகாரத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 127ஆம் பிரிவு, நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கக்கூடாது என்றது. முன்னதில் ஒரு தொடர் நீங்கியது, பின்னது முழுவதுமாக நீங்கியது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற சட்ட நிலை 1949 ஜனவரியில் உருவானபோதே ஆதிக்குடிகளும் அதற்குள் வந்துவிட்டார்கள். கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1962இல் எல்லோருக்கும் வந்தது. மாநிலத் தேர்தல்களில் கடைசியாக அந்த உரிமையைக் கொடுத்தது குயின்ஸ்லாந்து, 1965இல். ஆதிக்குடிகள் அதுவரை ‘தாவர விலங்குச் சட்டத்தின்’ கீழ் இருந்தார்கள் என்ற செய்தியும் அடிக்கடி கண்ணில் படும். அப்படி ஒரு சட்டம் இருந்ததே இல்லை.

அப்படியானால் குடிமக்களாக இருந்தும் அவர்களுக்கு என்ன குறை என்று உங்கள் வாசகர் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் கட்டுரையின் பாதி வேலை. விடை மாநிலச் சட்டங்களில் இருக்கிறது, அவையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. ஆகவே ‘ஆஸ்திரேலியச் சட்டம் இப்படிச் சொன்னது’ என்று பொதுப்படையாக எழுதும்போதெல்லாம் பேனாவை நிறுத்தி, எந்த மாநிலம், எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். குயின்ஸ்லாந்தில் ஒருவர் ஊர்விட்டு ஊர் போவதும், சம்பாதித்த கூலியை எடுத்துச் செலவழிப்பதும், திருமணம் செய்துகொள்வதும் அதிகாரியின் அனுமதியைச் சார்ந்திருந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ‘குடியுரிமைச் சான்றிதழ்’ கொடுத்தது. அதைப் பெற விரும்புபவர், விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாகத் தன் குலத்தாரோடு உறவை அறுத்துக்கொண்டு வாழ்ந்ததாக மெய்ப்பிக்க வேண்டும். தன் பிள்ளைகுட்டிகளும் மிக நெருங்கிய இரத்த உறவினரும் மட்டுமே விலக்கு. பெற்ற சான்றிதழையும் குடிப்பழக்கம், தண்டனை, தொழுநோய் போன்ற காரணங்களைக் காட்டித் திரும்பப் பறிக்க முடிந்தது. நியூ சவுத் வேல்ஸில் 1943 முதல் வழங்கப்பட்ட விலக்குச் சான்றிதழை மக்கள் ‘நாய் உரிமம்’ என்று அழைத்தார்கள். கட்டுரையில் இப்படிப்பட்ட ஒரு தாளையாவது வாசகர் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் விவரித்துவிட்டால், ‘ஒடுக்கப்பட்டார்கள்’ என்ற சொல்லைப் பத்து முறை எழுத வேண்டிய தேவை இருக்காது.

அடுத்தது சொற்கள். தமிழில் எழுதுபவருக்கு இங்கே தனியான சிக்கல்கள் உண்டு. ‘பழங்குடியினர்’ என்பது தவறில்லை என்றாலும், நம் ஊர் வாசகருக்கு அது இட ஒதுக்கீட்டுப் பட்டியலை நினைவூட்டும். நான் ‘ஆதிக்குடிகள்’ என்று எழுதுகிறேன். நீங்கள் எதைத் தேர்ந்தாலும் முதலிலிருந்து கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். முடிந்த இடங்களில் பொதுப்பெயரை விட்டுவிட்டு யோர்ட்டா யோர்ட்டா, விராஜுரி, குரிஞ்ஜி, யோல்ங்கு என்று அந்தந்த மக்களின் பெயரையே சொல்லுங்கள். டோரஸ் நீரிணைத் தீவினர் தனி மக்கள். அவர்களை இந்தப் பெயருக்குள் போட்டு மூடிவிடக்கூடாது. அக்காலச் சட்டங்கள் கலப்புப் பிறப்புள்ளவரைக் குறித்த ஆங்கிலச் சொல்லை ‘அரைச்சாதி’ என்று பெயர்த்தால், நம் மொழியில் சாதி என்ற சொல் சுமந்துவரும் பொருளெல்லாம் கூடவே உள்ளே வந்துவிடும். ‘கலப்பினர் என்று சட்டம் குறித்தவர்கள்’ என்று மேற்கோளாகச் சொல்வது நல்லது. ‘வார்டு’ என்பதும் அப்படித்தான். வட ஆட்சிப்பகுதியில் 1953இல் நிறைவேறி 1957இல் நடைமுறைக்கு வந்த நலச் சட்டம் ஆதிக்குடிகளில் 15,000 பேருக்கு மேல் பெயர் எழுதி வைத்து ‘வார்டுகள்’ என்று அறிவித்தது. அதைத் தமிழில் அப்படியே விட்டால் மருத்துவமனையோ நகராட்சியோதான் நினைவுக்கு வரும். ‘அரசின் காப்பில் வைக்கப்பட்டவர்’ என்பது நீளம் என்றாலும் தெளிவு. அந்தப் பதிவேட்டுக்கு அங்கே வழங்கிய கேலிப்பெயர், பொலிகுதிரைகளுக்கு வைக்கும் வம்சப் பேரேட்டின் பெயர். ஓவியர் ஆல்பர்ட் நமத்ஜிரா அந்தப் பதிவேட்டில் சேர்க்கப்படாத மிகச் சிலரில் ஒருவர். அதனால் அவருக்கு மது வாங்கும் உரிமை இருந்தது, அவருடைய உறவினர்களுக்கு இல்லை. மதுவை அவர்களோடு பகிர்ந்துகொண்ட குற்றத்துக்காக 1958இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1959இல் அவர் இறந்துவிட்டார்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கையாள வேண்டிய சொல் ‘நலம்’. சமூகப் பணி என்றதும் நமக்கு நல்லெண்ணம்தான் தோன்றும். நியூ சவுத் வேல்ஸில் ஆதிக்குடிகள் பாதுகாப்பு வாரியம் என்று இருந்தது 1940இல் நல வாரியம் என்று பெயர் மாறி 1969இல் கலைக்கப்படும்வரை நீடித்தது. பெண் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கூட்டமண்ட்ரா இல்லத்துக்கும், ஆண் குழந்தைகளைக் கிஞ்செலா இல்லத்துக்கும் அனுப்பியது இந்த வாரியம்தான். நல அதிகாரியின் கார் வருகிறது என்றால் தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்துவைத்த காலம் அது. எனவே ‘நலப் பணியாளர்’ என்று நீங்கள் எழுதும் ஒவ்வோர் இடத்திலும், அவர் யாருடைய சம்பளத்தில் இருந்தார், யாருக்கு அறிக்கை அனுப்பினார் என்பதையும் சொல்லிவிடுங்கள். மறுபக்கத்தில், சம்பளமும் பட்டமும் இல்லாமல் அதே பெயருள்ள வேலையைச் செய்தவர்கள் இருந்தார்கள். விராஜுரிப் பெண்மணியான ஷர்லி ஸ்மித், சிறையிலிருந்த சகோதரரைப் பார்க்கப் போன பழக்கத்தில் மற்ற கைதிகளையும் பார்க்கத் தொடங்கினார். கைதிக்கு நீ என்ன உறவு என்று அதிகாரிகள் கேட்டபோதெல்லாம் ‘நான் இவன் அம்மா’ என்றார். அதிலிருந்தே ‘மம் ஷர்ல்’ என்ற பெயர் நிலைத்தது. பின்னர் 1970களின் தொடக்கத்தில் சிட்னியின் ரெட்ஃபர்னில் ஆதிக்குடிகளின் சட்ட உதவி அமைப்பும் மருத்துவ அமைப்பும் உருவானபோது அவற்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மெல்பேர்னில் ஆதிக்குடிப் போதகர் டக் நிக்கல்ஸும் அவர் மனைவி கிளாடிஸும் நகரத்துக்கு வரும் இளம்பெண்களுக்கு விடுதி நடத்தினார்கள். வாரியத்தின் நலமும் இவர்களுடைய நலமும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கும்படி எழுதிப் பாருங்கள். விளக்கம் தனியாகத் தேவைப்படாது.

காலவரிசையை எங்கே தொடங்குவது? நான் 1938 ஜனவரி 26 என்பேன். பிரிட்டிஷ் குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு விழாவைச் சிட்னி கொண்டாடிய அன்று, வில்லியம் ஃபெர்குசன், ஜாக் பேட்டன் ஆகியோரின் ஆதிக்குடிகள் முன்னேற்றச் சங்கம் எலிசபெத் தெருவிலிருந்த மண்டபம் ஒன்றில் ‘துக்க நாள்’ கூட்டம் நடத்தியது. மெல்பேர்னிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட முதியவர் வில்லியம் கூப்பர், அதற்கு முன்பே மன்னருக்கு ஒரு மனு எழுதி 1,814 கையெழுத்துகள் சேகரித்திருந்தார். நாடாளுமன்றத்தில் தங்களுக்கு ஓர் உறுப்பினர் வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. அரசு அதை மன்னருக்கு அனுப்பவே இல்லை. 1939 பிப்ரவரியில் கும்மெராகுஞ்சா குடியிருப்பு மக்கள் நிர்வாகியின் கொடுமையைத் தாங்காமல் முர்ரே ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்கு வெளியேறினார்கள். 1946 மே முதல் நாள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் பண்ணைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. எழுத்தறிவில்லாத மக்களுக்குள் நாள் குறித்து, பல பண்ணைகளிலும் ஒரே நாளில் வேலையை நிறுத்தியது பெரும் ஒழுங்கமைப்பு வேலை. இவற்றை ‘பின்னணி’ என்ற தலைப்பில் நான்கு வரிகளில் முடித்துவிடாதீர்கள்.

இனி, கட்டுரைக்கு நடுத்தூணாக நிற்க வேண்டியது கையெழுத்து இயக்கம். 1956இல் பேர்ல் கிப்ஸும் ஃபெயித் பேண்ட்லரும் சிட்னியில் ஆதிக்குடியினரும் வெள்ளையரும் சேர்ந்த தோழமைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பெண்ணுரிமைப் போராளியான ஜெஸ்ஸி ஸ்ட்ரீட், அரசமைப்பை மாற்றாமல் எதுவும் நடக்காது, அதற்குப் பொதுவாக்கெடுப்பு வேண்டும், அதற்கு ஒரு லட்சம் கையெழுத்து வேண்டும், உடனே தொடங்குவோம் என்று சொன்னதாகப் பேண்ட்லர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். (ஸ்ட்ரீட் பிறந்தது ராஞ்சியில் என்பது நம் வாசகருக்கு ஒரு சிறு சுவை, அதற்கு மேல் அதிலிருந்து எதையும் இழுக்க வேண்டாம்.) 1957 ஏப்ரல் 29 அன்று சிட்னி நகர மண்டபத்தில் முதல் மனு வெளியிடப்பட்டது. 1958இல் அடிலெய்டில் மாநிலச் சங்கங்கள் கூடி ஆதிக்குடிகள் முன்னேற்றக் கூட்டமைப்பை உருவாக்கின. 1962 அக்டோபரில் அது தொடங்கிய நாடு தழுவிய இயக்கம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது; ஒரே மூட்டையாக இறக்காமல், பல உறுப்பினர்கள் வழியாகத் தனித்தனி மனுக்களாக அவை நாடாளுமன்றத்துக்குள் போயின. ஒரே கோரிக்கை அவைக்குறிப்பில் மீண்டும் மீண்டும் பதிவாக வேண்டும் என்றால் அதுவே வழி என்பதை, மனு எழுதிப் பழகிய எவரும் புரிந்துகொள்வார்கள்.

இந்தப் பகுதியில் ஆட்களின் வரலாற்றைச் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். ஃபெயித் பேண்ட்லரை ஆதிக்குடித் தலைவர் என்று எழுதுவது பரவலான பிழை. அவர் தந்தை, இன்றைய வனுவாட்டுவைச் சேர்ந்த ஆம்ப்ரிம் தீவிலிருந்து 1883இல் பிடித்துவரப்பட்டுக் குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர். தாய் ஸ்காட்லாந்து, இந்திய வம்சக் கலப்பு. கூட்டமைப்புக்கு 1961இல் தலைவரான ஜோ மெக்கின்னஸ் ஆதிக்குடி. கெய்ர்ன்ஸ் துறைமுகத் தொழிலாளி. துறைமுகத் தொழிற்சங்கத்தின் துணை அவருக்குப் பின்னே இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், ஒரு கூலித்தொழிலாளி எப்படி நாடு முழுவதும் போய்வந்தார் என்பது புரியாது. கூட்டமைப்பினர் செய்த சமூகப் பணிக்கு ஓர் எடுத்துக்காட்டாக, குயின்ஸ்லாந்தில் காசநோயால் வேலையிழந்த ஆதிக்குடித் தொழிலாளருக்கு மற்றவர்களுக்குக் கிடைத்த உதவித்தொகை மறுக்கப்பட்டதை எதிர்த்து மெக்கின்னஸும் மெல்பேர்ன் மருத்துவர் பாரி கிறிஸ்டோஃபர்ஸும் ஓயாமல் கடிதம் எழுதிய கதையை எடுத்துக்கொள்ளலாம்.

1963இல் கூட்டமைப்பின் தூதுக்குழு பிரதமர் மென்சீஸைச் சந்தித்தது. உபசரிப்பாக அவர் ஆதிக்குடிக் கவிஞர் கேத் வாக்கருக்கு மது ஊற்றித் தர முன்வந்தபோது, ‘இதையே என் ஊரான குயின்ஸ்லாந்தில் செய்திருந்தால் உங்களைச் சிறையில் போட்டிருப்பார்கள்’ என்ற பொருளில் வாக்கர் சொன்னதாக அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொல்லப்படுகிறது. பின்னாளில் ஊட்ஜரூ நூனுக்கல் என்ற பெயரை ஏற்றுக்கொண்டவர் அவர். முதல் முறை குறிப்பிடும்போது இரண்டு பெயர்களையும் கொடுங்கள். மென்சீஸ் 1965இல் 127ஆம் பிரிவை மட்டும் நீக்க மசோதா கொண்டுவந்தார், 51ஆம் பிரிவில் கைவைக்க விரும்பவில்லை. ஹரால்ட் ஹோல்ட் பிரதமரான பிறகே இரண்டும் சேர்ந்து மக்கள் முன் வந்தன. எதிர்த்து வாக்களித்த உறுப்பினர் எவரும் இல்லாததால், வாக்காளருக்கு அனுப்பிய அரசுத் துண்டறிக்கையில் எதிர்த்தரப்பு வாதமே அச்சாகவில்லை. 90.77 விழுக்காடு என்ற எண்ணைச் சொல்லும்போது மாநிலக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்: விக்டோரியா 94.68, மேற்கு ஆஸ்திரேலியா 80.95. ஆதிக்குடிக் குடியிருப்புகளுக்கு அருகிலிருந்த நாட்டுப்புற ஊர்களில் எதிர்ப்பு வாக்கு கூடுதலாக விழுந்தது. ஆதிக்குடிகள் மிகுதியாக வாழ்ந்த வட ஆட்சிப்பகுதியினருக்கு அன்று பொதுவாக்கெடுப்பில் வாக்கே கிடையாது.

முழு நாட்டையும் எழுதுவது பெரும்பாடு என்று தோன்றினால் ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அதுவே நல்ல கட்டுரையாகும். நியூ சவுத் வேல்ஸின் மோரீ நகர மன்றம் 1955இல் நிறைவேற்றிய தீர்மானம் ஆதிக்குடிகளை ஊர் நீச்சல் குளத்துக்குள் வரவிடவில்லை. 1965 பிப்ரவரியில் ஆதிக்குடி மாணவர் சார்ல்ஸ் பெர்க்கின்ஸ் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏறத்தாழ முப்பது பேர் ஒரு பேருந்தில் புறப்பட்டு, வால்கெட்டில் ஆதிக்குடி முன்னாள் படைவீரர்களுக்கே கதவடைத்த படைவீரர் மன்றத்தின் முன்னால் பதாகையோடு நின்றுவிட்டு, மோரீக்கு வந்து குழந்தைகளைக் குளத்துக்குள் அழைத்துப் போனார்கள். முட்டையும் தக்காளியும் பறந்தன. அதே மாணவர்கள் போன ஊர்களில் வீடு வீடாக வினாத்தாள் வைத்துக்கொண்டு வாழ்நிலை ஆய்வும் செய்தார்கள் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குளமும் வினாத்தாளும் சேர்ந்ததுதான் அந்தப் பயணம்.

ஆதாரங்களைத் தேடும் முறை பற்றிச் சில சொற்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘டிரோவ்’ தளத்தில் பழைய நாளிதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். பல இதழ்கள் 1954ஓடு நின்றுவிடும், கான்பெர்ரா டைம்ஸ் போன்ற சில அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் கிடைக்கும். தேடும்போது அக்காலச் சொற்களையே தட்டச்சு செய்ய வேண்டும். உங்கள் கட்டுரையில் நீங்கள் ஒருபோதும் எழுத விரும்பாத சொற்களைத் தேடுபெட்டியில் இட்டால்தான் செய்தி அகப்படும். நல வாரியம் 1952 முதல் வெளியிட்ட ‘டான்’ மாத இதழில் சீருடைக் குழந்தைகளும் வெள்ளையடித்த வீடுகளும் சிரிக்கும். அந்தப் படங்களில் இருப்பவர்களின் பெயர்கள் இன்று குடும்பங்களுக்குப் பயன்படுகின்றன, ஆனால் வாரியத்தின் தலைப்புக் குறிப்புகளை உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உளவுத் துறை கூட்டமைப்பினரைக் கம்யூனிஸ்டுகளோடு சேர்த்துக் கண்காணித்தது. அந்தக் கோப்புகள் இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. யார் எந்தக் கூட்டத்துக்கு வந்தார்கள் என்ற தகவலுக்கு அவை உதவும், அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்கு உதவா. தனிமனிதர்களின் நலக் கோப்புகள் வேறு வகை. அவை கிடைத்தாலும் குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள்.

ஆதிக்குடிகளுக்கும் தமிழருக்கும் பழைய இரத்த உறவு உண்டு என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை இந்தக் கட்டுரைக்குள் விடவே வேண்டாம். அவர்களுடைய கூலிப் பாக்கியைப் பேச வந்த இடத்தில் நம் தொன்மையைப் பேசிக்கொண்டிருப்போம்.

எங்கே முடிப்பது என்பதும் ஒரு முடிவு. 1967இல் முடித்தால் வெற்றிக்கதை ஆகிவிடும். 1966 ஆகஸ்டில் தங்கள் தலைவர் வின்சென்ட் லிங்கியாரியோடு வட ஆட்சிப்பகுதியின் வேவ் ஹில் பண்ணையை விட்டு நடந்த குரிஞ்ஜி மக்களுக்கு நிலம் 1975இல்தான் கைக்கு வந்தது. கூலிக்காக நடந்த வேலைநிறுத்தம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருக்க, அவர்கள் கேட்டது தங்கள் மண்ணை. கூட்டமைப்புக்குள்ளேயே 1970 ஈஸ்டர் மாநாட்டில், வாக்களிக்கும் உரிமை ஆதிக்குடிகளுக்கும் தீவினருக்கும் மட்டுமே இருக்க வேண்டுமா என்ற பூசல் வெடித்தது. தீர்மானம் தோற்றதும் கேத் வாக்கரும் டக் நிக்கல்ஸும் பிரிந்துபோய்த் தனி அமைப்பு கண்டார்கள். நல்லெண்ணமுள்ள வெள்ளையர் பலர் அன்று மனம் நொந்தார்கள். இரு தரப்பின் பேச்சையும் கொடுத்து அங்கே நிறுத்தினால், தங்களுக்காகப் பேசுவது யார் என்று 1938இல் துக்க நாள் மண்டபத்தில் எழுந்த கேள்வி இன்னும் திறந்தே கிடப்பது வாசகருக்குத் தெரியும்.

அச்சுக்கு அனுப்புமுன் இரண்டு வேலைகள். இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் காண்பது ஆதிக்குடிச் சமூகங்கள் பலவற்றில் துயரம் தருவது என்பதால், அவை இடம்பெறுகின்றன என்ற முன்னறிவிப்பைக் கட்டுரையின் தலையில் வையுங்கள். பிறகு ‘அரசு வழங்கியது’ என்று முடியும் வாக்கியங்களைத் தேடி எடுங்கள். ‘1959இல் அரசு ஆதிக்குடிகளுக்கு ஓய்வூதியம் வழங்கியது’ என்று இருந்தால், ‘சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த ஓய்வூதியத்தை 1959ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஏற்றது, நாடோடிகள் என்று அதிகாரிகள் கருதியவர்களுக்கு அது 1966வரை மறுக்கப்பட்டது’ என்று மாற்றி எழுதுங்கள்.